உண்டியல்: வணிகர் செய்தி காத்த முறை

உண்டியல் என்றவுடன் இன்று கோயிலில் நிற்கும் காணிக்கைப் பெட்டியே நினைவிற்கு வரும். வணிகர் வழக்கில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் இருந்தது. ஓரூரில் செலுத்திய பணத்தை மற்றோரூரில் பெற்றுக்கொள்ளப் பயன்பட்ட சீட்டிற்கும் அதுவே பெயர். வடபுலத்தார் அதனை ஹுண்டி என்றனர். நகரத்தார் முதலிய தமிழ் வணிகரும் கையாண்ட அச்சீட்டு, பணத்தைச் சுமந்த அளவிற்குச் செய்தியையும் சுமந்தது. அச்செய்தியை எவ்வாறு பகிர்வது, எவ்வாறு காப்பது, வழியில் தொலைந்தால் என்செய்வது என்னும் மூன்று வினாக்களுக்கும் அக்கால வணிகர் விடை கண்டிருந்தனர்.

பதினேழாம் நூற்றாண்டின் சூரத் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து ஆக்ராவிற்கு வெள்ளி நாணயங்களை வண்டியில் ஏற்றிச் செல்வது வாரக்கணக்கில் நீளும் பயணம். கள்வர் அச்சமும் மிகுதி. ஆதலின் வணிகர் பணத்தைச் சூரத்திலுள்ள சராப்பிடம் செலுத்தி, ஆக்ராவிலுள்ள அவர்தம் தொடர்பாளர் பெயருக்கு ஓர் உண்டியல் பெற்றுச் சென்றார். இங்கேதான் நுட்பம் இருக்கிறது. சராப் அச்சீட்டுடன் நின்றுவிடவில்லை. இன்னாருக்கு இவ்வளவு தொகைக்குச் சீட்டு எழுதியுள்ளேன் என்று ஆக்ராவிற்குத் தனியே ஒரு கடிதமும் விடுத்தார். சீட்டு ஒருவர் கையில், கடிதம் மற்றொருவர் கையில். ஆக்ராவில் இரண்டையும் ஒப்புநோக்கி, கையெழுத்தின் சாயலையும் பார்த்த பின்னரே பணம் எண்ணப்பட்டது.

தொகையைத் திருத்த இயலாதபடி எழுதிய முறையும் போற்றத்தக்கது. ரூபாய் 100 என்று எழுதி அமையாமல், அதன் பாதியாகிய 50இன் இருமடங்கு என்றும் சேர்த்து எழுதினர். ஓரிடத்தில் சுழி கூட்டினால் மற்றோரிடம் காட்டிக்கொடுத்துவிடும். ஷாஜோக் என்னும் வகை உண்டியலை வணிக உலகம் அறிந்த மதிப்புடைய ஒருவர் வழியாகவே பணமாக்க முடியும். வழிப்பறி செய்தவன் கையில் அது வெறுங்காகிதமே.

சீட்டே தொலைந்தால்? எழுதியவர் மூலத்தைக் குறிப்பிட்டு இரண்டாம் சீட்டு வழங்குவார். அதற்குப் பேட் என்று பெயர். அதுவும் தொலைந்தால் பர்பேட், அதன்பின் மேஜர். பணம் கொடுத்துத் தீர்ந்த சீட்டு கோக்கா எனப்பட்டது. எத்தனை படிகள் பிறந்தாலும் பணம் ஒருமுறைதான் கொடுக்கப்படும். பணம் தர வேண்டியவர் மறுத்துவிட்டால் அவ்வூரில் வேறொருவர் முன்வந்து ஏற்கவேண்டும் என்று வேண்டும் ஜிக்ரி என்னும் காப்புச் சீட்டும் இருந்தது. ஜோக்மி என்னும் உண்டியலோ கப்பற் சரக்கோடு பிணைந்தது. சரக்குக் கரை சேர்ந்தால்தான் பணம்; கலம் கவிழ்ந்தால் இழப்பு சீட்டை வாங்கியவரைச் சாரும். அவ்விடருக்கு ஈடாகவே அவர் அதனைக் குறைந்த விலைக்கு வாங்கியிருப்பார். காப்பீட்டு நிறுவனம் ஒன்றும் இல்லாமலே காப்பீடு நடந்தது எனலாம்.

மறைபொருள் காப்பதிலும் அவர்கள் தேர்ந்திருந்தனர். கணக்கேடுகள் உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் விடுத்து எழுதும் மகாஜனி எழுத்தில் அமைந்தன. பிறர் படித்தறிவது அரிது. சில வேளைகளில் உரியவர்க்கே அரிதாயிற்று என்பதற்கு ஒரு நகைச்சுவைக் கதை வழங்குகிறது. பாபு அஜ்மேர் சென்றுள்ளார், பெரிய கணக்கேட்டை அனுப்புக என்று வந்த கடிதத்தை வீட்டார், பாபு இன்று இறந்துவிட்டார், மூத்த மருமகளை அனுப்புக என்று படித்து அழுதனராம். ‘அஜ்மேர்’ என்பது ‘ஆஜ் மர்’ ஆகவும், ஏட்டைக் குறிக்கும் ‘பஹீ’ மருமகளைக் குறிக்கும் ‘பஹூ’ ஆகவும் மாறியதன் விளைவு அது. கோல்கொண்டா வைர வணிகர் துணிக்கடியில் கைவிரல்களைப் பற்றியே விலை பேசியதைப் பிரெஞ்சுப் பயணி தவெர்னியே வியந்து குறித்துள்ளார். நம் மாட்டுச் சந்தைகளில் துண்டு போட்டு விலை பேசுவோரைக் கண்டவர்க்கு அது வியப்பாய் இராது.

இம்முறைகள் அனைத்தும் கூடி இயங்கிய வாணிகத்தின் தலைமகனாகச் சூரத்தின் வீர்ஜி வோராவைச் சொல்லலாம். ஸ்தானகவாசி மரபைச் சார்ந்த சமணராகிய அவர், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கே கடன் கொடுத்தவர். ஆக்ரா, புர்ஹான்பூர், கோல்கொண்டா, மலபார்க் கரை எங்கும் அவருக்கு முகவர்கள் இருந்தனர். 1625இல் அவர் கேட்ட மிளகு விலை மிகை என்று கருதிய ஆங்கிலேயர், தக்காணத்தில் நேரே கொள்முதல் செய்ய ஆளனுப்பினர். வோராவோ அங்கிருந்த தம் முகவருக்கு எழுதி, கூடுதல் விலை கொடுத்து மிளகை வாங்கச் செய்தார். கம்பெனியாரிடம் கப்பலும் படைக்கலமும் இருந்தன. சந்தையறிந்த முகவர்கள் இருந்தது வோராவிடம்.

ஆயினும் எழுத்தில் மறைக்கக் கூடியது கணக்கை மட்டுமே. செல்வரின் பெயரை அன்று. 1664 சனவரியில் சூரத்தை நெருங்கிய சிவாஜி, ஆளுநரோடு மூன்று வணிகரும் நேரில் வந்து தண்டப்பணம் தீர்க்கவேண்டும் என்று செய்தி விடுத்தபோது, அம்மூவருள் ஒருவராக வோராவின் பெயர் இருந்தது. ஆளுநர் கோட்டைக்குள் ஒடுங்கினார். வோராவின் மாளிகையும் பண்டகசாலைகளும் சூறையாடப்பட்டன.

ஈராண்டு கழித்து, 1666இல் சூரத்திற்கு வந்த பிரெஞ்சுப் பயணி தெவனோ அவருடன் நட்புப் பூண்டு, அவரைப் பெருஞ்செல்வர் என்றே எழுதுகிறார். வீட்டிலிருந்த பொன் போயிற்று. பலவூர்களில் பரவிக்கிடந்த கொடுக்கல் வாங்கலும், அவ்வூர் முகவர் கைகளில் இருந்த சரக்கும் கொள்ளையர் கைக்கு எட்டாதவை. அவர் மீண்டெழுந்ததற்கு இதுவே காரணமாதல் வேண்டும். 1670இல் நகரம் மீண்டும் கொள்ளைக்குள்ளானது. அதன்பின் முதுமையெய்திய வோராவின் பெயர் ஆவணங்களில் அருகி மறைகிறது.

உண்டியல் மறையவில்லை. 1881இல் ஆங்கில அரசு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தை இயற்றியபோதும், கீழ்த்திசை மொழிகளில் எழுதப்பட்ட ஆவணங்களைப் பற்றிய உள்ளூர் வழக்காறுகளை இச்சட்டம் பாதிக்காது என்று முதற்பிரிவிலேயே விதித்தது. பேட், பர்பேட் பற்றிய வழக்குகள் எழுந்தபோது, அவ்வழக்காறு யாது என்பதற்கு வணிகரே நீதிமன்றத்தில் சான்று கூறவேண்டியதாயிற்று.