சிறுநீர்ப்பை புற்றுநோய் ஆபரேஷன்: பெண்களுக்கு கர்ப்பப்பையையும் எடுத்தே ஆகணுமா?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்துக்கும், ஜீப் ஏறி கேரள ஏலத்தோட்டங்களுக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் ஏராளம். சிறுநீர் சிவப்பாகப் போனால், "உடம்புச் சூடு, இளநீர் குடிச்சா சரியாயிடும்" என்று விட்டுவிடுவதுண்டு. மாதவிடாய் ரத்தம் என்றோ, சிறுநீர்த் தொற்று என்றோ நினைப்பதும் உண்டு. ஆனால், வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வருவது சிறுநீர்ப்பை புற்றுநோயின் முக்கிய அறிகுறி.

இந்த நோய் வரும் நான்கு பேரில் ஏறக்குறைய ஒருவர்தான் பெண். அதனால் பெண்களுக்கு சந்தேகமே தாமதமாகத்தான் வருகிறது. நோய் பையின் தசைக்குள் இறங்கிவிட்டால், பையையே அகற்ற வேண்டி வரலாம்.

எதையெல்லாம் எடுப்பாங்க?

வழக்கமான முறையில் சிறுநீர்ப்பையோடு கர்ப்பப்பை, சினைக்குழாய்கள், சினைப்பைகள், பிறப்புறுப்பின் முன்சுவர் ஆகியவற்றையும் அகற்றுவார்கள். எல்லாம் ஒட்டி இருப்பதால், புற்று துளியும் மிஞ்சக்கூடாது என்பதே காரணம். ஆனால் பல பெண்களுக்கு இந்த உறுப்புகளில் நோய் பரவியிருப்பதில்லை.

உறுப்பு காக்கும் ஆபரேஷன் என்றால் என்ன?

பையை மட்டும் அகற்றி, நோய் தொடாத உறுப்புகளை விட்டுவைப்பதுதான் இது. புராஸ்டேட் ஆபரேஷனில் ஆண்மை நரம்புகளைக் காக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் பேட்ரிக் வால்ஷ் 1982-லேயே செய்து காட்டினார். பெண்களுக்கான இதே பேச்சு தாமதமாகத்தான் சூடுபிடித்தது. பெண்ணின் மற்ற உறுப்புகளை எடுப்பதா என்பதை நோயின் தன்மையைப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல்.

என்ன பலன்?

* சினைப்பை இருந்தால், மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு ஹார்மோன் திடீரென நிற்காது. எலும்புத் தேய்மானம், இதய நோய் அபாயம் குறையும்.
* பிறப்புறுப்பின் சுவரும் நரம்புகளும் காக்கப்பட்டால், தாம்பத்திய வாழ்க்கை பாதிக்கப்படுவது குறையும்.
* குடலில் இருந்து புதிய சிறுநீர்ப்பை செய்து வைத்தால், கர்ப்பப்பை அதற்குத் தாங்கலாக இருக்கும்.

யாருக்குப் பொருந்தாது?

கட்டி பையின் கழுத்துப் பகுதியிலோ, பிறப்புறுப்பை ஒட்டிய பின்சுவரிலோ இருந்தால், அல்லது நோய் பைக்கு வெளியே பரவியிருந்தால் பொருந்தாது. குடும்பத்தில் மார்பக, சினைப்பை புற்றுநோய் இருந்தாலோ, பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருந்தாலோ சினைப்பையை எடுப்பதே பாதுகாப்பாக இருக்கலாம். உயிரைக் காப்பதுதான் முதல் இலக்கு.

டாக்டரிடம் என்ன கேட்கணும்?

* கட்டி எந்த இடத்தில் இருக்கு? எம்ஆர்ஐ என்ன சொல்லுது?
* எந்த உறுப்பை எடுக்கப் போறீங்க, ஏன்?
* கீமோ, ரேடியேஷன் கொடுத்து பையையே காப்பாற்ற முடியுமா?

வெட்கப்பட்டு கேட்காமல் விட்டால், ஆபரேஷனுக்குப் பிறகு திரும்பப் பெற முடியாது.

தேனி மாவட்டத்தில் எங்கே போவது?

முதல் கட்டமாக சிறுநீர் பரிசோதனை, ஸ்கேன் பற்றிக் கேட்க அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போகலாம். க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உதவி உண்டு. மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

சிறுநீரில் ரத்தம் ஒரே ஒருமுறை வந்து தானாக நின்றுவிட்டாலும் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.