ஓரி விட்ட அம்பு

கொல்லிமலைக் காட்டில் வேடன் ஒருவன் வில்லை வளைத்து ஓர் அம்பு விட்டான். அது யானையைச் சாய்த்தது. நிற்காமல் போய், வாய் பிளந்து நின்ற புலியைக் கொன்றது, புள்ளிமானை உருட்டியது, காட்டுப்பன்றியை வீழ்த்தியது, கடைசியில் பக்கத்துப் புற்றில் கிடந்த உடும்பின் உடலில் தைத்தது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் சொல்லும் வழி இது. ஓர் அம்பு ஐந்து உயிர்களைத் துளைக்குமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். அந்த அம்பு உடும்போடு நின்றுவிடவில்லை என்பதே எனக்குப் பெரிய செய்தி.

அடுத்து அது போனது பாணர் கூட்டத்திடம். அந்த வேடன் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. மார்பில் ஆரம் தொங்குகிறது. பிழைப்புக்காக வேட்டையாடுகிறவனாகத் தோன்றவில்லை. கொல்லிமலைத் தலைவன் ஓரியாக இருக்குமோ என்ற ஐயத்தோடு முழவும் யாழும் ஆகுளியும் பதலையும் முழங்கப் பாடுகிறார்கள். பாட்டில் மன்னனைக் குறிக்கும் 'கோ' என்ற சொல் வந்ததும் அவன் நாணிப்போகிறான். வந்தவர்கள் தங்கள் தேவையைச் சொல்லக்கூட அவன் விடவில்லை. வேட்டையில் கிடைத்த மானிறைச்சியைச் சமைத்துத் தருகிறான், மதுவும் தருகிறான். தன் மலையில் விளைந்த பொன்னை மணிகளோடு கலந்து, அந்தக் காட்டுவழியிலேயே அள்ளிக் கொடுக்கிறான். அரண்மனையும் இல்லை, அரியணையும் இல்லை. ஆட்சி என்றால் இதுதான் என்று அந்தக் காலம் நம்பியது. கேட்பது இழிவு, இல்லையென்பது அதைவிட இழிவு என்று கழைதின் யானையார் பாடியதும் இவனைத்தான்.

இப்படிப் பாடப்பட்டதன் அருமை ரோமோடு ஒப்பிட்டால் தெரியும். ரோமின் முதல் மன்னர்களான ரோமுலஸ், நூமா ஆகியோரின் கதையை வரலாற்றாசிரியர் லிவி எழுதியபோது, அவர்களுக்குரியதாகச் சொல்லப்படும் காலம் கழிந்து ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓரியையோ அவன் காலத்துப் புலவர்களே பாடினார்கள். ஒரு குறுநில மன்னனுக்கு இது கிடைத்தற்கரிய பேறு.

ஆனால் வில் அவனைக் காக்கவில்லை. முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று, பலா செழித்த கொல்லியைச் சேரர்களுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு 209. வென்ற காரி ஓரியின் தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரம் நற்றிணை 320இல் இருக்கிறது. எழுதியவர் கபிலர், காரியின் கொடையைப் புகழ்ந்து பாடியவரும் அவரே. ஆதரித்த வள்ளலின் வெற்றியைச் சொல்லும் இடத்திலும் தோற்றவன் ஊரின் கூச்சலை அவர் விட்டுவிடவில்லை.

நாடு சேரரிடம் போனது. அம்பு பாட்டில் தங்கிவிட்டது. கையிலிருந்து கைக்கு மாறிய ஏடுகளில் நூற்றாண்டுகளைக் கடந்து, 1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் அச்சேறியது. ஏடு தேடி அவர் அலைந்திராவிட்டால் இன்று ஓரி வெறும் பெயராகவே இருந்திருப்பான்.

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் செம்மேட்டில் குதிரைமேல் அமர்ந்த ஓரியின் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாட்களில் வல்வில் ஓரி விழா எடுக்கிறார்கள். வில்வித்தைப் போட்டியும் உண்டு. ஆடியில் மலைக்குப் போகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். வீட்டிலிருந்தே புறநானூற்றை எடுத்துச் சென்று, செம்மேட்டில் உட்கார்ந்து 152ஆம் பாட்டைப் பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.