வன்தட்டின் நாடி பார்த்த கதை

வன்தட்டு ஒன்றின் நோயை அதன் சொந்தக்காரனே கண்டறிய முடியுமா என்று கேட்டால் கணனி திருத்துபவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. ஒரு காலத்தில் நோயின் அடையாளங்கள் பெட்டியின் மேலேயே எழுதப்பட்டிருந்தன. பின்னர் அவை பெட்டிக்குள் மறைக்கப்பட்டன. அதற்கும் பின்னர், உற்பத்தியாளர் விரும்பிய அளவுக்கு மட்டும் வெளியே காட்டப்பட்டன. இந்த மாற்றங்களை அறியாமல் சுயவைத்தியத்தில் இறங்குகிறவர்களின் கையில்தான் பல வன்தட்டுகள் உயிரை விடுகின்றன.

கிண்ணியாவிலிருந்து எழுதுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் நினைக்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் ஊருக்குள் வந்தபோது கரையோரத்தில் இருந்த வைத்தியசாலையையே அழித்துவிட்டுப் போனது. வீடுகளில் இருந்த காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், கல்யாணப் படங்கள் எல்லாம் அந்தத் தண்ணீரோடு போயின. அதற்குப் பிறகு நாங்கள் சேர்த்த நினைவுகளோ பெரும்பாலும் காகிதத்தில் இல்லை. டிஜிட்டல் கமெரா அப்போதுதான் எங்கள் கைகளுக்கு எட்டியிருந்தது. முகாம்களில் எடுத்த படங்கள், காணாமற்போனோர் பற்றிய குறிப்புகள், மீளக் கட்டப்பட்ட வீடுகளின் பதிவுகள் என்று அந்த வருடங்களின் வரலாறு 40, 80 கிகாபைட் வன்தட்டுகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தத் தட்டுகளுக்கு இன்று இருபது வயதாகிறது.

கதை அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் தொடங்குகிறது. 1956 செப்டெம்பரில் ஐ.பி.எம். கொம்பனி அறிமுகப்படுத்திய 'ராமாக்' என்ற இயந்திரத்தில், ஒவ்வொன்றும் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. ஏறத்தாழ ஒரு தொன் எடை. கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். இன்றைய கைத்தொலைபேசிப் படம் ஒன்றுக்கே அது போதாமற் போகலாம். ஐ.பி.எம். இத்தகைய இயந்திரங்களைப் பெரும்பாலும் வாடகைக்கே விட்டது. பழுது ஏற்பட்டால் அதன் பொறியியலாளர் வந்து பார்ப்பார். நோயறிவது வாடிக்கையாளரின் வேலையாக இருக்கவில்லை.

1973 இல் அதே கொம்பனி வெளியிட்ட 3340 என்ற சாதனம் 'வின்செஸ்டர்' என்று பெயர் பெற்றது. முதலில் திட்டமிட்டபடி 30 மெகாபைட்டில் இரண்டு பகுதிகள் இருந்தமையால், '30-30' என்ற வின்செஸ்டர் துப்பாக்கியை நினைத்து வைத்த பெயர் அது. தட்டும், அதைப் படிக்கும் தலையும் ஒரே மூடிய உறைக்குள் அடைக்கப்பட்டன. இன்றைய வன்தட்டின் உடலமைப்பு அங்கிருந்தே வந்தது. தலை தட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் மெல்லிய காற்றுப்படையில் அது மிதக்கிறது. அந்த இடைவெளி தலைமயிரின் பருமனிலும் பன்மடங்கு சிறியது. ஒரு புகைத் துகள் இடையில் சிக்கினாலும் ஆபத்து. வீட்டில் வைத்து மூடியைக் கழற்றிப் பார்க்கிறவர் சவப் பரிசோதனைதான் செய்கிறார்.

1980 இல் சீகேட் கொம்பனி 5 மெகாபைட் கொண்ட சிறிய வன்தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேசைக் கணனிகளுக்குள் அடங்கும் அந்தத் தலைமுறைத் தட்டுகளின் மேல் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். தட்டின் எந்தெந்தத் தடங்கள் பழுதானவை என்று தொழிற்சாலையிலேயே சோதித்து எழுதிய பட்டியல் அது. வாங்கியவர் அந்த இலக்கங்களைக் கணனிக்குக் கொடுத்து, அவ்விடங்களைத் தவிர்த்து எழுதச் செய்ய வேண்டும். குறையைச் சொல்லியே பொருளை விற்ற காலம்! எங்கள் மீன் சந்தையில்கூட அப்படியொரு வியாபாரத்தை நான் கண்டதில்லை.

1980களின் பிற்பகுதியில் தட்டை ஆளும் மின்சுற்று தட்டோடேயே இணைக்கப்பட்டபோது அந்தச் சீட்டு மறையத் தொடங்கியது. பழுதான இடங்களைத் தட்டே இரகசியமாகக் குறித்துக்கொண்டு, ஒதுக்கி வைத்த உபரி இடங்களை அவற்றுக்குப் பதிலாகக் கொடுக்கத் தொடங்கியது. கணனியின் கண்ணுக்கு எல்லாம் பழுதற்றதாகவே தெரிந்தது. வசதிதான். ஆனால் பத்து இடங்கள் அழுகினாலும் உபரி இருக்கும்வரை சொந்தக்காரனுக்கு ஒன்றும் தெரியாது. உபரி தீர்ந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

இந்த மௌனத்தை உடைக்க வேண்டிய தேவை முதலில் வந்தது பெருந்தொகையாகத் தட்டுகளை விற்றவர்களுக்குத்தான். 1992 இல் ஐ.பி.எம். தனது சேவைக் கணனிகளுக்காகப் 'பழுதை முன்னுரைக்கும்' முறையொன்றைப் புகுத்தியது. பின்னர் கொம்பாக் கொம்பனி சீகேட், குவான்டம், கொனர் ஆகிய உற்பத்தியாளரோடு சேர்ந்து வேறொரு முறையை உருவாக்கி, 1995 இல் அதைப் பொதுத் தரத்துக்கென முன்வைத்தது. அதிலிருந்து பிறந்ததே 'ஸ்மார்ட்' எனப்படும் சுயகண்காணிப்பு. மாற்றி எழுதிய இடங்கள் எத்தனை, படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள் எத்தனை, எத்தனை மணிநேரம் ஓடியது, சூடு எவ்வளவு என்றெல்லாம் தட்டு தனக்குள் ஒரு நாட்குறிப்பை எழுதி வைக்கும்.

ஆனால் எந்த எண்ணைத் தாண்டினால் 'ஆபத்து' என்று அறிவிப்பது? அந்த எல்லையை நிர்ணயிக்கும் உரிமை உற்பத்தியாளரிடமே விடப்பட்டது. உத்தரவாதக் காலத்தில் தட்டைத் திருப்பிப் பெற்றுக்கொள்ள வேண்டியவரும் அவரே. மகப்பேற்றுச் செலவைக் கட்ட வேண்டியவனிடமே வயிற்றைப் பார்த்து நாள் குறிக்கச் சொன்ன கதை. ஆகவேதான் 'நலம்' என்று அறிக்கை தந்த தட்டு மறுநாளே செத்துப்போகும் அதிசயம் நிகழ்கிறது.

இது வெறும் சந்தேகமல்ல என்பதை 2007 இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. கூகிள் நிறுவனத்தார் தங்களிடமிருந்த ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்தார்கள். படிப்புப் பிழை ஒன்று முதன்முறை தோன்றிய தட்டு, அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, அப்பிழை இல்லாத தட்டைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். எனவே நாட்குறிப்பு பொய் சொல்வதில்லை. அதே வேளை, செத்துப்போன தட்டுகளில் 36 சதவீதத்துக்கும் அதிகமானவை, சூட்டைத் தவிர்ந்த எந்தக் குறியீட்டிலும் ஒரு பிழையைக்கூடப் பதியாமலே செத்திருந்தன. கெட்ட செய்தியை நம்பலாம், நல்ல செய்தியை நம்ப முடியாது என்பதே இதன் பொருள். மற்றைய ஆய்வு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. விளம்பரத்தில் 10 இலட்சம் மணிநேரம் என்றெல்லாம் போடுவார்கள். கணக்குப் பார்த்தால் 114 வருடம் வரும். அந்தக் கணக்குப்படி ஆண்டுக்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவான தட்டே பழுதாக வேண்டும். உண்மையில் இரண்டு முதல் நான்கு வரை மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 வரை போனது.

இனி நாட்டு வைத்தியங்களைப் பார்ப்போம். வன்தட்டைக் கையால் தட்டுவது, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைப்பது, இன்னொரு தட்டின் மின்சுற்றுப் பலகையைக் கழற்றிப் பூட்டுவது ஆகிய மூன்றும் எங்கள் பகுதியிலும் பிரபலமானவை. இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. 1980களின் சில தட்டுகளில் நின்றிருக்கும் தலை தட்டின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொள்ளும் நோய் இருந்தது. மெல்லச் சுழற்றி அசைத்தால் அது விடுபடும். அன்று அது சரியான மருந்து. பலகையை மாற்றுவதும் பழைய தட்டுகளில் பலித்தது. இன்றோ ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியான அளவீடுகள் அதன் பலகையிலுள்ள சிப்பில் பதியப்பட்டிருக்கின்றன. வேறொரு பலகை அந்தத் தலைகளை அறியாது. நோய் போய்விட்டது, மருந்து மட்டும் வாய்வழியாக வாழ்கிறது. உறைபகுதி விவகாரம் எங்கள் கரையில் இன்னும் மோசம். பெரும்பாலான வன்தட்டுகள் முற்றாக மூடப்பட்டவையல்ல. வடிகட்டியோடு கூடிய ஒரு சிறு சுவாசத் துளை உண்டு. அதை மூடாதீர்கள் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். கொட்டியாரக் குடாவின் ஈரக்காற்றில், உறைபகுதியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் எப்படி வியர்க்கிறது என்பதை ஒவ்வொரு வீட்டாரும் அறிவார்கள். அதே வியர்வை தட்டுக்குள்ளும் படியும்.

நான் 2005 முதல் எடுத்த படங்கள் இருந்த 80 கிகாபைட் தட்டு, 2012 இல் 'டிக், டிக்' என்று சத்தம் எழுப்பத் தொடங்கியது. அந்த ஒலி, தலை தனது இடத்தைத் தேடிக் காணாமல் திரும்பத் திரும்ப முயல்வதன் அறிகுறி. ஒரு கடையில் காட்டியபோது, "சேர், போர்மட் பண்ணினாச் சரியாகும்" என்றார் அந்தத் தம்பி. தட்டு சரியாகலாம், தம்பி, படங்கள்? நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். 2009 ஒக்டோபரில் திறந்த பாலம் இருந்தமையால் வழியில் தட்டு குலுங்கவில்லை. முன்னைய காலமாயின் 'பாதை' என்று நாம் அழைத்த மிதவையில் ஏறித்தான் துறையைக் கடந்திருக்க வேண்டும்.

வீட்டில் முதலில் பார்த்தது வயரையும் மின்னையும். வெளியிணைப்புத் தட்டுகளில் மின்சாரம் போதாமல்கூட இதே ஒலி வரும். வயரை மாற்றினால் நின்றுவிடும் நோயும் உண்டு. என்னுடையது நிற்கவில்லை. பிறகு ஸ்மார்ட் நாட்குறிப்பைப் படித்தேன். இதற்கான இலவச மென்பொருளை 2002 இல் உருவாக்கத் தொடங்கியவர் புரூஸ் அலன் என்ற பௌதிகவியலாளர். ஈர்ப்பலை ஆராய்ச்சிக்கான கணனித் தொகுதியின் தட்டுகளைக் கவனிக்கவே அவருக்கு அது தேவைப்பட்டது. அதில் பார்க்க வேண்டியவை சிலவே: 5 ஆம் இலக்கம் மாற்றப்பட்ட இடங்கள், 197 காத்திருக்கும் இடங்கள், 198 திருத்த முடியாதவை. 199 ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் வயர்தான். என் தட்டில் 197 நூற்றுக்கணக்கில் நின்றது. மொத்தத் தீர்ப்போ 'நலம்'!

இந்த இடத்தில்தான் பலர் விண்டோஸின் 'செக் டிஸ்க்' கட்டளையை ஓடவிடுகிறார்கள். அது கோப்புகளின் அட்டவணையை ஒழுங்குபடுத்தும் கருவி. தட்டின் உடல்நோய்க்கு மருந்தல்ல. திருத்துகிறேன் என்று சாகும் தட்டின் மேலேயே எழுதும். முழு மேற்பரப்புச் சோதனையும் அப்படியே. ஒவ்வொரு பழுதான இடத்திலும் தலையை முட்டவைக்கும். சோதிப்பதே நோயைக் கூட்டும் நோயாளி இது. ஆகையால் பிரதி எடுப்பதை முதலில் முடித்துவிட்டுத்தான் நோயின் பெயரைத் தேட வேண்டும்.

2004 இல் அந்தோனியோ டியாஸ் என்ற ஸ்பானியர் எழுதிய 'டிடிரெஸ்கியூ' அந்தத் தத்துவத்தில் உருவானது. நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொள்ளும். பழுதான பகுதியைத் தாண்டி ஓடிவிட்டு, கடைசியில்தான் அங்கே திரும்பும். எது முடிந்தது, எது மிச்சம் என்பதை ஒரு தனிக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். மின்சாரம் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டைக் கண்ட 2022 ஆம் ஆண்டு நாட்டவர்களுக்காகவே செய்ததுபோல! எனக்கு மூன்று இரவுகள் பிடித்தன. பெரும்பாலான படங்கள் வந்தன. சில படங்களின் கீழ்ப்பாதி சாம்பல் நிறப் பட்டையாகிவிட்டது. ஒரு முகாம் வரிசையில் நின்ற பெண்களின் முகங்கள் இருக்கின்றன, கைகளில் என்ன வைத்திருந்தார்கள் என்பது இல்லை. தலை முற்றாக விழுந்திருந்தால் இந்த முறையும் உதவாது. தூசற்ற அறையுள்ள நிபுணரிடம்தான் போக வேண்டும். சத்தம் ஒரேயடியாகத் தொடர்ந்தாலோ, தட்டைக் கணனி அடையாளமே காணாவிட்டாலோ, மின்னைத் துண்டித்துவிட்டுச் சும்மா இருப்பதே மேல்.

இப்போது சுழலாத, ஒலியில்லாத எஸ்.எஸ்.டி. தட்டுகள் வந்துவிட்டன. அவற்றுக்கும் நாட்குறிப்பு உண்டு, 'டிக், டிக்' இல்லை. சாகும்போது பல வேளைகளில் முன்னறிவிப்பின்றி ஒரேயடியாகப் போய்விடுகின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். எழுதும் ஆயுளை முடித்துவிட்ட வீட்டுப் பாவனை எஸ்.எஸ்.டி., மின்னின்றி அலமாரியில் கிடந்தால் ஓராண்டுக்குத் தகவலைத் தாங்க வேண்டும் என்கிறது உற்பத்தியாளர்களின் தரநிர்ணயம். அந்த ஓராண்டு 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கணிக்கப்பட்டது. சூடு கூடினால் காலம் குறையும். கிண்ணியாவில் ஆடி மாதத்துப் பகலில் மூடிய அலமாரிக்குள் எத்தனை பாகை இருக்கும் என்பதை அவரவர் வீட்டில் அளந்து பார்க்கலாம்.