வானுக்கு யன்னல் வைத்த கதை

லண்டன் ஈஸ்ட் ஹாமில் வான் வைத்திருப்பவர்கள் என்னிடம் மூன்று வேலைக்கு வருவார்கள்: டோர் வைசர் பூட்ட, உடைந்த சைட் மிரரை மாற்ற, பின்பக்கக் கண்ணாடியில் எதையாவது செய்விக்க. ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கைக்குள் இருபது வருசமாக எனக்கு இதுதான் பிழைப்பு.

வைசர் சின்னச் சாமான். மழைக்குள்ளும் ஷட்டரை இரண்டு விரல் இறக்கிக் காற்று வாங்க உதவும் கறுத்த அக்ரிலிக் தகடு. இலங்கையில் எங்கள் ஊரில் வாகனத்தின் யன்னல் கண்ணாடிக்கு ஷட்டர் என்றுதான் பெயர். இங்கே வெள்ளைக்காரனிடம் அப்படிச் சொன்னால் கடை வாசலைத் திரும்பிப் பார்ப்பான். ரப்பர் காடியைத் துடைத்து, சிலிக்கன் அடித்து, தகட்டை நடுவில் வளைத்து இரண்டு முனைகளையும் உள்ளே விட வேண்டும். தைமாதக் குளிரில் அப்படியே வளைத்தால் படாரென்று வெடிக்கும். முதலில் சுடுதண்ணீர் ஊற்றி இளக்குவேன். பூட்டிய பிறகு ஷட்டரை ஏற்றி ஓர் இரவு விட்டால்தான் காடி பழகும். அவசரப்பட்டால், யாருடைய விரலோ சிக்கிவிட்டது என்று நினைத்து ஷட்டர் தானாகவே கீழே இறங்கிவிடும்.

மிரர் வேலையைத் தருவது இந்த ஊரின் தெருக்கள். இங்குள்ள தொடர்வீடுகளில் பெரும்பாலானவை, 1903இல் நகர மண்டபம் திறந்த காலத்தை ஒட்டி எழுந்தவை. வீட்டுக்கு வீடு கார் வரும் என்று அன்றைக்கு யார் கண்டது? இரண்டு பக்கமும் கார்கள் நிற்க, நடுவால் ஒரு ட்ரான்சிற் வான் போனால் ஏதாவதொரு மிரர்க் காது போகும்.

இந்தக் காது வாகனத்தோடு கூடப் பிறந்ததில்லை. டொரதி லெவிற் என்ற லண்டன் பந்தயக்காரி, கார் ஓட்டும் பெண்களுக்காக 1909இல் எழுதிய புத்தகத்தில் ஒரு புத்தி சொன்னார்: கைக்கண்ணாடி ஒன்றை வைத்திருங்கள், இடைக்கிடை உயர்த்திப் பின்னால் வருவதைப் பாருங்கள். 1911இல் முதலாவது இண்டியானாபொலிஸ் 500 மைல் ஓட்டத்தில் மற்றவர்கள் பின்பக்கம் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக்கைக் கூட ஏற்றி ஓடினார்கள். ரே ஹரூன் ஒரு கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு தனியே ஓடி வென்றார்.

காரில் கண்ணாடி தவறவிட்டதைத் தலையைத் திருப்பிப் பார்க்கலாம். வானில் திரும்பினால் தகரம்தான் தெரியும். சாமானுக்கு யன்னல் எதற்கு என்பது ஒரு காரணம். பிரித்தானியாவில் அந்தத் தகரத்துக்குக் காவல் இருந்தது வரி. வீட்டு யன்னல்களை எண்ணி 1696 முதல் 1851 வரை வரி வாங்கிய நாடு இது. வரிக்குப் பயந்து செங்கல் வைத்து அடைத்த யன்னல்களைப் பழைய வீடுகளில் இன்றும் காணலாம். 1940இல் கொள்வனவு வரி வந்தபோது காருக்கு வரி விழுந்தது, வியாபார வானுக்கு விழவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் பக்க யன்னல் வெட்டினால் வானும் காராகிவிடும், வரி கட்ட வேண்டும். அதனால் பிள்ளைகள் பல வருசம் இருட்டுக்குள் இருந்து பயணம் போனார்கள். அடுப்பும் கழுவு தொட்டியும் வைத்துப் படுக்கை வானாக்கினால் தப்பலாம். 1950களில் பெட்ஃபோர்ட் வான்களை 'டோர்மொபைல்' என்ற படுக்கை வான்களாக மாற்றிய ஃபோக்ஸ்டன் மார்ட்டின் வால்ட்டர் கொம்பனியின் வியாபாரத்துக்கு அந்த வழியும் கைகொடுத்தது.

ஃபோர்ட் ட்ரான்சிற் வந்தது 1965இல். 1973இல் கொள்வனவு வரி போய் வற் என்ற பெறுமதிசேர் வரி வந்தது. யன்னல் பற்றிய பயம் போகவில்லை. ஒரு தொன்னுக்குக் குறைவாகச் சுமக்கும் வானில் ஓட்டுநருக்குப் பின்னால் பக்க யன்னல் வைத்தால் வற் சட்டம் அதைக் கார் என்றுதான் பார்க்கும். வியாபாரி கட்டிய வரியைத் திருப்பி எடுப்பது கஷ்டமாகிவிடும். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் வந்து, "அண்ணை, வெள்ளிக்கிழமையில பிள்ளையளை முருகன் கோயிலுக்கு ஏத்திக்கொண்டு போக ரெண்டு யன்னல் வெட்டித் தாங்கோ" என்றால், வாளை எடுக்க முதல் நான் கேட்பது "கணக்காளரிட்டக் கேட்டனீங்களோ?"

யன்னல் இருந்தும் அதைக் கறுப்பாக்குவது அடுத்த கதை. 1985 ஏப்ரல் முதல் வந்த வாகனங்களின் முன் கண்ணாடி 75 விழுக்காடு, முன் கதவுக் கண்ணாடி 70 விழுக்காடு வெளிச்சத்தை விட வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் எவ்வளவு கறுப்பானாலும் சட்டம் கேட்காது. வேலைச் சாமான் வைத்திருப்பவர்கள் கள்ளருக்குப் பயந்து கறுப்பு ஒட்டுவார்கள். இங்குள்ளவர்களுக்கு 'வெள்ளை வான்காரன்' என்றால் சுவர் பூசி, குழாய் பூட்டி, வீதியில் அவசரப்படும் ஒரு கூலித் தொழிலாளி. கொஞ்சம் பகிடி, கொஞ்சம் எரிச்சல். எங்களுக்கு அந்த இரண்டு சொல்லும் வேறு. இலங்கையில் கறுத்த கண்ணாடியும் இலக்கத்தகடு இல்லாத பின்புறமுமாக வந்த வெள்ளை வான் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை.

2021 ஒக்ரோபர் 25இல் லண்டனின் புகைக் கட்டுப்பாட்டு வலயம் வடக்கு வளைவீதி வரை நீண்டு ஈஸ்ட் ஹாமை விழுங்கியது. பழைய டீசல் வானை எடுத்தால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை பவுண். என் வாடிக்கையாளர்கள் பலர் வானை விற்றுவிட்டுப் புதிது தேடினார்கள். அப்படி ஒரு பெடியன் கைமாறிய வெள்ளை ட்ரான்சிற் ஒன்றை வாங்கி வந்தான். பின் யன்னல்கள் முழுக்கக் கறுப்பு. வைசர் பூட்டத்தான் வந்தான். தாய் பஸ்ஸில் வந்திருந்தா.

"தம்பி, நான் இதில ஏறமாட்டன்" என்றா. மகன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

நல்ல காலம், அது ஆலையிலேயே கறுப்பாக்கிய கண்ணாடி இல்லை, பிறகு ஒட்டிய தாள். நீராவி பிடித்து ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, மெல்ல உரித்தேன். வேகமாக இழுத்தால் பசை கண்ணாடியிலேயே நின்றுவிடும். மிச்சத்தைச் சவர்க்காரத் தண்ணீர் போட்டு பிளேட்டால் வழித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் போனது. தாய் கதிரையில் இருந்து முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தா.

முடிந்ததும் தானே கதவை இழுத்து ஏறிப் பின் சீற்றில் இருந்தா. கண்ணாடியில் விரலால் தட்டினா. நான் கிட்டப் போனேன்.

"வெளிய நிக்கிறவைக்கு நான் தெரியிறனோ?"

"தெரியுறியள் அம்மா."

அதுக்குப் பிறகுதான் பெல்ற்றை இழுத்துப் போட்டா.