வீட்டுக்குள் வந்த துவக்கு

கல்முனைக் கரையிலே துவக்கு முதலில் வீட்டைக் காக்க வரவில்லை. வயலைக் காக்கவே வந்தது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளில் கதிர் முற்றும் பருவத்தில் காட்டுப்பன்றி இறங்கும், யானையும் இறங்கும். பரண் கட்டி, தீ மூட்டி, கூக்குரலிட்டு இரவெல்லாம் விழித்திருந்தவன் முல்லைக்காரன். துவக்கோ போடியார் வீட்டில் இருந்தது. கச்சேரிக்குச் சென்று, ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமம் பெறும் வசதி அவருக்கே உண்டு. ஆபத்து ஒருவனுக்கு, ஆயுதம் மற்றொருவனுக்கு என்னும் இந்த ஏற்பாட்டை இயல்பென்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம்.

உரிமம் என்பதும் உழவனின் நலன் கருதிப் பிறந்ததன்று. 1848இல் ஆளுநர் டொரிங்டன் துவக்கொன்றுக்கு ஆண்டுக்கு இரண்டரைச் சிலிங் வரி விதித்தார். அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சித் தீயில் இவ்வரியும் ஒரு கொள்ளி. 1915இல் சிங்கள - முஸ்லிம் கலவரமும் இராணுவச் சட்டமும் நாட்டை உலுக்கின. மறு ஆண்டு, 1916இல், 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் வந்தது. திருத்தங்களோடு அதுவே இன்றும் நடப்பில் உள்ளது. துவக்கை யார் வைத்திருக்கலாம் என்பது அரசின் கேள்வி. வீட்டில் எவ்விடத்தில், எந்தப் பூட்டின் கீழ் என்ற கேள்வியை நாமும் உரக்கக் கேட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டியவள் பெண். இக்கரையில் வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது. கணவன் அங்கே வந்து குடியேறுகிறவன். வீடு அவளுடையது, உரிமப் பத்திரத்திலோ ஆணின் பெயர். அத்துவக்கின் அருகே பிள்ளைகளை உறங்க வைத்தவளும் அவளே. ‘கள்ளன் வந்தால்?’ என்ற ஒரு சொல்லின் முன் அவளது அச்சம் எடுபடவில்லை. பூட்டிவைத்த துவக்கு நள்ளிரவில் உதவாது. பூட்டாத துவக்கு பிள்ளையின் கைக்கு எட்டும். இந்தச் சிக்கலுக்கு இன்றுவரை விடையில்லை.

கள்ளன் வரவும் செய்தான். ஆனால் துவக்குக்கு அஞ்சி அவன் திரும்பவில்லை, துவக்கைத் தேடியே வந்தான். 1971 ஏப்ரலில் தென்னிலங்கையில் கிளர்ந்தெழுந்த ஜே.வி.பி. இளைஞர்களின் படைக்கலங்களில் பெரும்பகுதி கிராமத்து வீடுகளில் இருந்த வேட்டைத் துவக்குகள். 1987-89 காலத்திலும் அதே வீடுகள் தட்டப்பட்டன. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் இயக்கங்கள் உரிமத் துவக்குகளுக்காக வீடு புகுந்தன. காவலுக்கென வைத்த பொருளே கள்ளனுக்கு வழிகாட்டியது.

பின்னர் அரசே துவக்கு கொடுத்தது. 1980களின் நடுவில் ஊர்காவல் படை தோன்றியது. அந்நாளில் நமது கரையின் நிலை என்ன? 1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழரின் வீடுகள் எரிந்தன. 1990 ஜூனில் கல்முனை உள்ளிட்ட கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் கொன்றனர். நிலையங்களின் ஆயுதங்களும் பறிபோயின. ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் தன் வாசலில் ஒரு துவக்கு வேண்டுமென்று கேட்ட முஸ்லிமை நாம் குறைகூற மாட்டோம். எனினும் இதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது: ஒன்பது நாள் கழித்து, சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில், தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டபோது குற்றஞ்சாட்டப்பட்டவர் ஊர்காவல் படையினரே. வீட்டைக் காக்கக் கொடுத்த துவக்கு அயலூரின் படலையைத் தட்டியது.

வீட்டுத் துவக்கைப் பூட்டுவதா என்ற வழக்கு நம்மோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரல் 28ஆம் நாள் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின், அரசு ஏறத்தாழ ஆறரை இலட்சம் துவக்குகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. எஞ்சியவை பூட்டப்பட வேண்டும் என்றது. தற்காப்பு என்ற காரணத்துக்கு உரிமம் இல்லை என்றும் சொல்லிவிட்டது. அமெரிக்கா எதிர்த்திசையில் நடந்தது. வீட்டுத் துவக்கைக் கழற்றியோ, விசைக்குப் பூட்டிட்டோ வைக்கவேண்டும் என்றிருந்த வாஷிங்டன் நகரச் சட்டத்தை, தற்காப்புக்கு அது தடை என்று கூறி 2008இல் உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற தீர்ப்பில் தள்ளியது. இலங்கையில், தற்காப்புக்கென வழங்கிய துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு 2024இன் இறுதியில் பணித்தது. அதிலே பெரிதும் அகப்பட்டவர் வசதியும் செல்வாக்கும் உள்ளவர்களே என்பது நமது எண்ணம்.

அப்படியாயின் ஏழையின் வீட்டுக்கு எது காவல்? வேலிக்கு மேலாகப் பேசும் அயலாளும், ஊரில் புதிய முகம் கண்டால் யாரென்று விசாரிக்கும் பள்ளிவாசல் மரைக்காரும் இருந்த காலத்தை முற்றிலும் பழங்கதை என்று தள்ள முடியாது. 2019இல், ஈஸ்டர்க் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்த கிழமையில், சாய்ந்தமருதுவில் வாடகை வீடொன்றில் வந்து தங்கியவர்களைக் கண்டு ஐயுற்றவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. அவர்களிடம் துவக்கு இல்லை. கேள்வி கேட்டார்கள், செய்தி பொலிஸாருக்குச் சென்றது. ஏப்ரல் 26ஆம் நாள் இரவு, உள்ளிருந்தவர்கள் தம்மைத் தாமே வெடிக்கவைத்தபோது அவ்வீட்டுப் பிள்ளைகளும் மாண்டனர்.