உலகத் தரவு நிலையங்களின் தோற்றம்: ஒரு வரலாற்று நோக்கு

ஆராய்ச்சியின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அக்கண்டுபிடிப்புகளுக்கு ஆதாரமான அவதானங்கள் எங்கே வைக்கப்பட்டன, எவரால் பேணப்பட்டன, அடுத்த தலைமுறையினரை எவ்வாறு சென்றடைந்தன என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. 1957ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கிய உலகத் தரவு நிலையங்களின் வரலாறு இவ்வகையில் கவனத்துக்குரியது. அந்நிலையங்களின் அமைப்பை விளங்கிக்கொள்வதற்கு, அவற்றுக்கு முன்னர் நிகழ்ந்த இரு முயற்சிகளை முதலில் நோக்குதல் வேண்டும்.

ஒஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படை அதிகாரியான கார்ல் வைப்பிரெக்ட், துருவப் பகுதிகளுக்குத் தனித்தனியே செல்லும் பயணங்களால் விஞ்ஞானத்துக்கு விளையும் பயன் சிறிதே என 1875இல் வாதிட்டார். பல நாடுகள் ஒரே காலத்தில், ஒரே முறையில் அவதானிக்க வேண்டும் என்பது அவரது கருத்தாகும். அவர் 1881இல் காலமானார். மறு ஆண்டு தொடங்கிய முதலாவது சர்வதேசத் துருவ ஆண்டு (1882–83) அக்கருத்துக்குச் செயல்வடிவம் அளித்தது. எனினும், பங்குபற்றிய ஒவ்வொரு நாடும் தன் அவதானங்களைத் தனித்தனி நூல்களாகவே வெளியிட்டது. அவற்றை ஓரிடத்தில் ஒன்றுசேர்க்கும் நிறுவனம் எதுவும் உருவாகவில்லை. அவதானிப்பில் நிலவிய கூட்டுறவு, பேணலில் நிலவவில்லை.

இரண்டாவது துருவ ஆண்டு (1932–33) உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே நடைபெற்றது. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதிற் பங்குகொண்டன. இம்முறை, டென்மார்க்கைச் சேர்ந்த லா குர் தலைமை தாங்கிய ஆணைக்குழு, அவதானங்களைக் கொப்பன்ஹேகனில் திரட்ட முயன்றது. ஆனால் ஆய்வு நிறைவுறுமுன் இரண்டாம் உலகப் போர் மூண்டது. லா குர் 1942இல் மறைந்தார். போர்க் குழப்பத்தில் தரவுகளிற் கணிசமான பகுதி தொலைந்தும் வெளியிடப்படாமலும் போயிற்று. முதலாவது முயற்சியின் குறை பொதுக் களஞ்சியம் இல்லாமை. இரண்டாவதன் குறை களஞ்சியம் ஒன்றே ஒன்றாக இருந்தமை.

1950 ஏப்ரலில், ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பௌதிகவியலாளர் ஜேம்ஸ் வான் அலனின் இல்லத்தில் நடந்த சந்திப்பொன்றில், மூன்றாவது துருவ ஆண்டு ஒன்றுக்கான யோசனையை லொயிட் பேர்க்னர் முன்வைத்தார். அது விரிவடைந்து, 1957 யூலை முதல் 1958 டிசெம்பர் வரையிலான சர்வதேசப் புவிப்பௌதிகவியல் ஆண்டாயிற்று. சிட்னி சப்மன் தலைவராகவும் மார்செல் நிக்கொலே பொதுச் செயலாளராகவும் கொண்ட சிறப்புக் குழு அதனைத் திட்டமிட்டது. அவதானங்கள் தொடங்குமுன்னரே அவற்றின் இருப்பிடம் தீர்மானிக்கப்பட்டமை இத்திட்டத்தின் சிறப்பாகும்.

அதன்படி மூன்று நிலையங்கள் அமைந்தன. ‘ஏ’ நிலையம் ஐக்கிய அமெரிக்காவிலும், ‘பி’ நிலையம் சோவியத் யூனியனிலும் இயங்கின; ‘சி’ நிலையம் மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கும் யப்பானுக்கும் இடையே துறைவாரியாகப் பங்கிடப்பட்டது. ஒரு நிலையம் அழியினும் தரவுகள் எஞ்சவேண்டும் என்பதும், ஆய்வாளர் தமக்கு அணித்தான இடத்தில் அவற்றைப் பெறவேண்டும் என்பதும் இவ்வேற்பாட்டின் நோக்கங்களாகும். எவ்வகைத் தரவு, எவ்வடிவில், எக்காலத்துக்குள் அனுப்பப்படவேண்டும் என்பதற்கு வழிகாட்டி நூல் ஒன்று வகுக்கப்பட்டது. பிரதி எடுக்கும் செலவையும் தபாற் செலவையும் மட்டும் செலுத்தி, எந்நாட்டு விஞ்ஞானியும் தரவுகளைப் பெறலாம் என்பது விதி. நிலையங்களை நடத்தும் செலவை அவ்வந்நாடுகளே ஏற்றன.

கெடுபிடி யுத்தம் உச்சநிலையில் இருந்த காலத்தில் வொஷிங்டனும் மொஸ்கோவும் இத்தகைய உடன்பாட்டில் இணைந்தமை சாதாரண நிகழ்ச்சியன்று. ஆயினும் அதனை அரசியலுக்கு அப்பாற்பட்டதெனக் கொள்வதும் பொருந்தாது. தாய்வான் சேர்க்கப்பட்டமையை எதிர்த்து மக்கள் சீனம் 1957இல் விலகியது; 1988இலேயே சீனா இந்நிலைய அமைப்பில் இணைந்தது. 1957 ஒக்டோபர் 4இல் ஸ்புட்னிக் ஏவப்பட்ட பின்னர், செயற்கைக்கோள் தரவுகளின் பரிமாற்றம் ஏனைய துறைகளிற்போல இலகுவாக அமையவில்லை. படைபலத்தோடு தொடர்புற்ற இடத்தில் தரவின் கதவு பாதியே திறந்தது.

சேகரிக்கப்படும் வேளையில் ஒரு தரவின் முழுப் பெறுமதியும் புலப்படுவதில்லை. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 மார்ச்சில் சார்ள்ஸ் கீலிங் தொடங்கிய காபனீரொட்சைட்டு அளவீடு இப்புவிப்பௌதிகவியல் ஆண்டுத் திட்டத்தின் கீழேயே ஆரம்பமாயிற்று. அன்று வளியின் மில்லியன் பகுதிகளில் ஏறத்தாழ 315 பகுதிகளாக இருந்த அவ்வாயு, 2024இல் 420 பகுதிகளைக் கடந்திருந்தது. தொடக்க ஆண்டுகளின் எண்கள் பேணப்படாதிருந்தால், பின்னைய எண்களை ஒப்புநோக்க அளவுகோல் இருந்திராது.

ஒன்றரை ஆண்டுத் திட்டத்துக்கென எழுந்த இந்நிலையங்கள் அரை நூற்றாண்டு நிலைத்தன. 2008இல் சர்வதேச விஞ்ஞானப் பேரவை அவற்றுக்குப் பதிலாக உலகத் தரவு முறைமையை நிறுவத் தீர்மானித்தது. துளையிட்ட அட்டைகளும் நுண்படச் சுருள்களும் கணினிக்கு இடமளித்தன. எனினும் 1957இன் அடிப்படைகள் பழமையடைந்துவிடவில்லை. களஞ்சியம் ஆய்வின் முடிவில் தேடப்படும் அறையன்று. ஆய்வின் தொடக்கத்திலேயே செய்யப்படவேண்டிய உடன்படிக்கையாகும். ஒரே பிரதியாக ஓரிடத்தில் வைக்கப்பட்ட அறிவு, அவ்விடத்தின் அமைதி நீடிக்கும்வரை மட்டுமே அறிவாக நிலைக்கிறது. இவ்வுண்மையைக் கற்பதற்கு உலகம் ஒரு பெரும் போரை விலையாகக் கொடுத்தது.