உதகை அரசு தாவரவியல் பூங்காவில் தோட்டப் பணி

நீலகிரி மாவட்டத்தின் தலைநகரான உதகமண்டலத்தில், தொட்டபெட்டா மலையின் கீழ்ச்சரிவில் சுமார் 22 ஹெக்டேர் பரப்பில் அரசு தாவரவியல் பூங்கா அமைந்துள்ளது. தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை இதை நிர்வகிக்கிறது. இங்குள்ள புல்வெளிகள், மலர்ப்பாத்திகள், நாற்றங்கால்கள், கண்ணாடி மாளிகை, முதிய மரங்கள் ஆகியவற்றை ஆண்டு முழுவதும் தோட்டப் பணியாளர்கள் பேணுகின்றனர். இவர்களது வேலை சமவெளிப் பூங்காக்களின் வேலையிலிருந்து இரண்டு காரணங்களால் வேறுபடுகிறது. பூங்கா கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் குளிர்காலத்தில் உறைபனி விழுகிறது. நிலம் சரிவாக இருப்பதால் மழைநீர் மேல்மண்ணை அரிக்கிறது. இவ்விரண்டையும் கருதியே விதைப்பு முதல் கவாத்து வரை ஒவ்வொரு வேலைக்கும் காலம் குறிக்கப்படுகிறது.

தோற்றமும் அமைப்பும்

உதகையில் குடியேறிய ஐரோப்பியர் தங்கள் தேவைக்காகக் காய்கறி பயிரிட்ட தோட்டமே பூங்காவின் தொடக்கம். இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848-இல் பொறுப்பேற்று, சரிவை அடுக்கடுக்கான தளங்களாகத் திருத்தி இன்றைய வடிவத்தைக் கொடுத்தார். நீலகிரியில் சின்கோனா பயிரைப் பரப்பியதிலும் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. கீழ்ப்பூங்கா, புதுப்பூங்கா, இத்தாலியப் பூங்கா, கண்ணாடி மாளிகை, நாற்றங்கால் எனப் பூங்கா பல பிரிவுகளைக் கொண்டது. கீழ்ப்பூங்காவில் புல்வெளியும் மரங்களும் முதன்மை பெறுகின்றன. புதுப்பூங்காவில் குட்டையான செடிகளை நெருக்கமாக நட்டுக் கோலம் போல உருவங்கள் அமைக்கப்படுகின்றன.

பணியாண்டு

உதகையில் ஏப்ரல், மே மாதங்கள் முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். மே மாதத்தில் நடக்கும் மலர்க் கண்காட்சி முதல் சீசனின் உச்சம். அதற்கான வேலை முந்தைய குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். இரண்டாம் சீசனுக்கான நாற்றுகள் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நடப்படுகின்றன. ஒரு சீசன் முடிந்ததும் பூத்து ஓய்ந்த செடிகள் பிடுங்கப்பட்டு, பாத்தி கொத்திவிடப்பட்டு, தொழுவுரம் இடப்பட்டு அடுத்த நடவுக்கு நிலம் தயாராகிறது.

நாற்றங்கால்

எல்லாச் செடிகளும் ஒரே வாரத்தில் பூத்திருக்க வேண்டும் என்பதால் அவற்றை ஒரே நாளில் விதைக்க முடியாது. பெட்டூனியா, சால்வியா போன்றவை விதைத்துப் பூக்க ஏறக்குறைய மூன்று மாதங்கள் எடுக்கும். செண்டுமல்லி அதைவிட விரைவில் பூக்கும். மலைக்குளிரில் இந்தக் காலம் மேலும் நீளும். எனவே கண்காட்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, நீண்ட காலச் செடிகளை முதலிலும் குறுகிய காலச் செடிகளைப் பின்னரும் விதைக்கின்றனர்.

பெட்டூனியா விதை தூள் போன்றது. அதை நுண்மணலுடன் கலந்து மேலாகத் தூவ வேண்டும். மண்ணால் மூடினால் வெளிச்சம் கிடைக்காமல் முளைப்பு குன்றும். நீரையும் வேகமாக ஊற்றக்கூடாது. நுண்துளைப் பூவாளியால் தெளித்தால்தான் விதை ஓரிடத்தில் திரளாமல் இருக்கும். நாற்றில் சில இலைகள் விட்டதும் செம்மண், மணல், மட்கிய உரம் கலந்த தொட்டிக்கு மாற்றுவர். பிறகு நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துச் செடி புதர்போல் விரியும். பூத்த தொட்டிகள் ஆயிரக்கணக்கில் காட்சி மாடங்களின் படிகளில் நிறமும் உயரமும் பார்த்து அடுக்கப்படுகின்றன.

உறைபனியிலிருந்து காத்தல்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். மேகமற்ற, காற்றடங்கிய இரவில் நிலத்தின் வெப்பம் வானில் கரைந்துவிட, இலைகளின் மேல் ஈரம் பனிப்படிகமாக உறைகிறது. குளிர்ந்த காற்று கனமானதால் தாழ்வான இடங்களில் தேங்கி அங்கே கூடுதல் சேதம் விளைவிக்கும். இளம் செடிகளின் மேல் மாலையிலேயே மிலார் எனப்படும் புதர்ச்செடியின் கிளைகளைக் கவிழ்த்து வைப்பது உதகைத் தோட்டங்களின் வழக்கம். இலை அடர்ந்த இக்கிளைகள் நிலத்தின் வெப்பம் வெளியேறுவதைத் தடுத்து, பனி செடியின்மேல் படியாமல் காக்கின்றன. புல்வெளியில் வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கின்றனர். உறைந்த புல்லின் மேல் கால் வைத்தால் திசுக்கள் நொறுங்கி, மிதித்த தடம் பின்னர் கருகித் தெரியும்.

புல்வெளி, மரம், மண்

பூங்காவில் அதிகத் தேய்மானம் காண்பது புல்வெளியே. பார்வையாளர் நடந்தும் அமர்ந்தும் மண் இறுகுவதால் வேருக்குக் காற்றும் நீரும் எட்டுவதில்லை. மண்ணைக் குத்தித் துளையிடுதல், சலித்த மண்ணும் உரமும் தூவுதல், வழுக்கையான இடங்களில் புல்கரணை பதித்தல், களை பிடுங்கல் ஆகியவற்றால் அது மீட்கப்படுகிறது. கண்காட்சிக்கு முன் பெரிய புல்வெளி சில வாரங்கள் மூடப்படுவதும் இதற்காகவே.

ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெறும் இச்சரிவில் வடிகால்களைத் தூர்வாருவதும் தள விளிம்புகளைச் செப்பனிடுவதும் மழைக்கு முந்தைய வேலைகள். காய்ந்த கிளைகள் காற்றில் முறிந்து விழுமுன் கயிறு கட்டி இறக்கப்படுகின்றன. குரங்கும் ஏறத் தயங்கும் முள்ளிலைகள் கொண்ட மங்கி பசில் மரம், காகிதம்போல் பட்டை உரியும் மரம் முதலிய அரிய மரங்களின் அடிவேரில் மண் இறுகாமல் காப்பதும் பணியின் பகுதி. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரமும் இங்குக் காட்சிக்கு உள்ளது.

பணியாளர்கள்

தோட்டக்கலை அலுவலர்களின் மேற்பார்வையில் நிரந்தரப் பணியாளர்களுடன் தினக்கூலியாகவும் பலர் உழைக்கின்றனர். பெண்களின் பங்கு கணிசமானது. மண்வெட்டி, களைக்கொத்தி, கவாத்துக் கத்தரி, பூவாளி, புல்வெட்டும் இயந்திரம் ஆகியவை அன்றாடக் கருவிகள். எந்த மூலையில் பனி முதலில் படியும், எந்தப் பாத்தியில் நீர் தேங்கும் என்பவை அனுபவத்தால் மட்டுமே அறியப்படுவன. பழகிய பணியாளர் விலகினால் அந்த அறிவும் பூங்காவை விட்டுப் போகிறது. பணி நிரந்தரமும் ஊதிய உயர்வும் நீலகிரிப் பூங்காப் பணியாளர்கள் தொடர்ந்து முன்வைத்துவரும் கோரிக்கைகள்.